குதிகாலுக்குத் தெரியும் தரை

காலை ஐந்தரைக்குச் செருப்பைக் கார்னர் கொடிக் கம்பத்தடியில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மைதானத்தைக் குறுக்கே கடப்பேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஃபுட்பால் கிரவுண்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் பாதி வருஷத்துக்கு மேலாக நாளின் முதல் வேலை இதுதான். விங் பக்கம் நடக்கும்போது பனி ஈரத்தில் புல் பாதத்தை மூடும், குதிகால் லேசாக அமுங்கி மேலே வரும். நடு வட்டத்தைத் தாண்டியதும் அந்த அமுக்கம் குறையும். பெனால்டி பாக்ஸுக்குள் போனால் குதிகாலுக்கும் மண்ணுக்கும் நடுவில் எதுவும் இல்லாத மாதிரி, அடி நேராக முழங்காலுக்கு ஏறும். கண்ணுக்கு மூன்று இடமும் பச்சைதான். கால் ஏமாறாது.

இந்த நடையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கோலிப் பையன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பிராக்டிஸ் முடிந்து குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “அண்ணே, கோல் போஸ்ட்டுக்கிட்ட டைவ் அடிச்சா எலும்பு இடிக்குதுண்ணே. புல்லைக் கொஞ்சம் விடுங்கண்ணே.” விட்டேன். மூன்று வாரம் வெட்டாமல் விட்டு, கணுக்கால் மறைகிற அளவுக்கு வளரவைத்தேன். திரும்ப வந்து, “இப்பவும் இடிக்குதுண்ணே” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, புல்லும் வளர்ந்துதான் இருந்தது. அப்படியானால் புல்லின் உயரத்துக்கும் தரையின் கடினத்துக்கும் என்னதான் சம்பந்தம்? அந்தக் கேள்விதான் இந்தத் தொழிலை எனக்குத் தொழிலாக்கியது.

அதுவரை புல்லை நான் மெத்தையாக நினைத்திருந்தேன். உயரமாக இருந்தால் மெத்து, கட்டையாக இருந்தால் கட்டாந்தரை. மைதானத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை என்று எனக்குக் காட்டியது ஒரு கருவி.

வெளியூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். கிளெக் சுத்தியல் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேடன் கிளெக் என்ற பொறியாளர் 1970-களில் ரோடு போடும் வேலைக்காக உருவாக்கியது. ஜல்லிப் படுகை போதுமான அளவு இறுகிவிட்டதா என்று பார்க்கத்தான் முதலில் பயன்பட்டது. மைதானக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ரோடுக்காரருக்கு எண் ஏறினால் சந்தோஷம், எங்களுக்கு இறங்கினால் சந்தோஷம். நெட்டுக்குத்தலான ஒரு குழாய், அதற்குள் உருளையான ஒரு எடை. விளையாட்டு மைதானங்களுக்கு வழக்கமாக எடுப்பது 2.25 கிலோ எடை. அதை சுமார் 45 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட வேண்டும். தரையில் மோதி அது எவ்வளவு திடீரென்று நிற்கிறது என்பதை உள்ளே இருக்கும் சென்சார் எண்ணாகக் காட்டும். மெதுவாக அமுங்கி நின்றால் சின்ன எண், டக்கென்று நின்றால் பெரிய எண். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு அது. ஜி-மேக்ஸ் என்பார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு காரியம் செய்தார். நன்றாக வளர்ந்த புல்லில் ஒரு முறை சுத்தியலை விட்டு எண்ணைக் குறித்தார். பக்கத்திலேயே ஒரு சாண் சதுரத்துக்குப் புல்லைக் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கிவிட்டு மறுபடி விட்டார். எண் கொஞ்சம் ஏறியது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மூன்றாவதாக ஒரு சதுரத்தில் புல், சருகு, தண்டு எல்லாவற்றையும் மண் தெரியும்வரை செதுக்கி எடுத்துவிட்டு விட்டார். இப்போது எண் நன்றாகவே ஏறியது. கடைசியாக, முதல் நாள் ராத்திரியே தண்ணீர் கட்டி ஊறவைத்திருந்த ஒரு துண்டுக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே புல் கட்டையாகத்தான் இருந்தது. எண் மற்ற எல்லாவற்றையும்விடக் கீழே போய்விட்டது.

அந்த நாலு அடியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புல் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய வித்தியாசம். புல் 25 மி.மீ.-ஆ 40 மி.மீ.-ஆ என்பது, மேலே விழுகிறவனைத் தாங்கும் விஷயத்தில், அதைவிடச் சின்ன வித்தியாசம். இரண்டையும்விடப் பெரியது மண்ணில் இருக்கும் ஈரமும் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும்.

அமெரிக்காவில் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மைதானத்தை இந்தச் சுத்தியலால் சோதிக்கச் சொல்கிறது. எந்த இடத்திலும் எண் 100-க்கு மேல் போகக் கூடாது. தலை தரையில் மோதும் விளையாட்டு அது, அதனால் அத்தனை கறார். எங்கள் பையன்களுக்கும் தலை ஒன்றுதான். ஹெட்டருக்கு எகிறுகிறவன் முதுகு கீழாக விழுந்தால் பின்மண்டைதான் தரையைத் தொடும். நம் பக்கத்து மைதானங்களில் இதை யாரும் அளப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அப்படியானால் வெட்டும் உயரத்தைப் பற்றி கவலைப்பட வேண்டாமா? அந்த முகாமிலிருந்து திரும்பியதும் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கான விலையைக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு டோர்னமெண்ட் வந்தது. டி.வி.யில் பார்க்கிற மாதிரி கார்பெட்டாக இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஆசைப்பட்டார்கள். 45 மி.மீ. உயரத்தில் நின்ற புல்லை ஒரே நாளில் 15 மி.மீ.-க்கு இறக்கினேன். உயரம் சின்ன விஷயம்தானே, தண்ணீர் கட்டினால் போதும் என்ற நம்பிக்கை. மோவரைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதே வயிறு கலங்கிவிட்டது. பச்சை போய், வைக்கோல் நிறத்தில் வெறும் தண்டுதான் நின்றது. இலை முழுக்க மேலே இருந்திருக்கிறது, அதை மொத்தமாக எடுத்துவிட்டேன். தண்டுகளுக்கு நடுவே மண் தெரிந்தது. சித்திரை வெயில் அந்த இடைவெளி வழியாக நேரே மண்ணில் இறங்கியது. காலையில் கட்டிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்து, நாலாம் நாள் மண்ணில் மயிரிழை வெடிப்பு ஓட ஆரம்பித்தது. செமி ஃபைனலில் ஒரு பையன் தோள்பட்டை இறங்கி வெளியே போனான். அந்த டோர்னமெண்டில் விழுந்த ஒவ்வொருவரும் என் கையால் விழுந்தார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

புல் மறுபடி கூடி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஏன் அத்தனை நாள் என்பதற்குப் பதில் ஒரு பழைய ஆராய்ச்சியில் கிடைத்தது. அமெரிக்க விவசாயத் துறைக்காக கிரைடர் என்பவர் செய்து 1955-ல் வெளியானது. புல்லின் இலையை வெவ்வேறு அளவுக்கு வெட்டிவிட்டு, வேர் என்ன செய்கிறது என்று பார்த்தார். 40 சதவீதம் வரை எடுத்தால் வேர் தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. 80 சதவீதம் எடுத்த புல்லில் வேர் வளர்ச்சி 12 நாள் அடியோடு நின்றது. 90 சதவீதம் எடுத்ததில் 17 நாள். மேலே நான் பிளேடு போட்ட நிமிஷத்தில் கீழே வேர் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வெயில் காலத்தில் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டிய வேர் அது.

புல்லை உயரமாக விடுவதன் முழு அர்த்தம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. உயரம் மெத்தையாக வேலை செய்வது கொஞ்சம். வேராக, நிழலாக, ஈரமாக வேலை செய்வதுதான் அதிகம். அதற்கும் நாள் பிடிக்கும். ஆட்டத்துக்கு முந்தின வாரம் புல்லை விட்டால் தரை மெத்தென்று ஆகிவிடாது. ஆறு மாதம், ஒரு வருஷம் ஒழுங்கான உயரத்தில் வைத்திருந்த மைதானம்தான் மெத்தென்று இருக்கும். கோலிப் பையனுக்காக மூன்று வாரம் விட்ட புல் ஏன் உதவவில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

எங்கள் மைதானத்தில் இருப்பது அருகம்புல். கல்யாண வீட்டில் பெரியவர்கள் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழச் சொல்கிறார்களே, அதே அருகு. பிள்ளையாருக்கு நாம் கிள்ளிப் போடுவது அதன் நுனி, மைதானத்துக்கு வேண்டியது அதன் அடி. மண்ணுக்கு மேலே ஒரு தண்டு ஓடும், மண்ணுக்குக் கீழே இன்னொரு தண்டு ஓடும், இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். இந்த இரட்டைப் பின்னல்தான் பூட்ஸ் ஆணி கிழித்தாலும் மறுபடி கூடிவருகிறது. உலகம் முழுக்க வெப்ப நாட்டு மைதானங்களில் போடும் டிஃப்வே என்ற ரகம்கூட நம் அருகும் ஆப்பிரிக்க அருகும் கலந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் 1960-ல் அதை வெளியிட்டது. முளைக்கிற விதை கிடையாது, தண்டை நட்டுத்தான் பரப்ப வேண்டும். அந்தப் புல்லை இன்னும் கட்டையாக வெட்டலாம். நம் நாட்டு அருகை அதோடு போட்டிபோட வைக்கக் கூடாது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிரவுண்டை மட்டம் போட்டபோது கண்மாய் மண்ணை அடித்து நிரப்பியிருக்கிறார்கள். வண்டலும் களியும் கலந்தது. புல்லுக்குச் சாப்பாடு நிறைய இருக்கும், ஆனால் காய்ந்தால் செங்கல். ஈரமாக இருக்கும்போது நூறு பேர் மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்றுப் பொந்தெல்லாம் அமுங்கி, காய்ந்த பிறகு திறக்காது. இதில் உயரமான புல் செய்வது மூன்று. வெயிலை மறித்து மேல்மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. வேரை ஆழமாக விட்டு மண்ணைத் துளைத்து வைக்கிறது. மடிந்த வேரையும் தண்டையும் சருகையும் மண்ணோடு கலந்து ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு மாதிரி அடுக்கு கட்டுகிறது. பயிற்சி முகாமில் அவர் செதுக்கி எடுத்ததும் எண் ஏறியதே, அந்த அடுக்கு போனதால்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. உயரமான புல்லுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். இலை கூடக்கூட அது மண்ணிலிருந்து உறிஞ்சி ஆவியாக்கும் நீரும் கூடும். கிரிக்கெட் பிட்ச் போடுகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த 22 கஜத்தில் அவர்களுக்குத் தரை கல்லாக வேண்டும், பந்து எகிற வேண்டும். களிமண்ணில் புல்லை வளர்த்து, அதன் வேரை விட்டே ஆழத்தில் இருக்கும் ஈரத்தைச் சமமாக உறிஞ்ச வைத்து, மேலே ரோலர் போட்டு இறுக்குவார்கள். அதே வேர், அதே களி, பத்தடி தள்ளி அவுட்ஃபீல்டில் மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் வித்தியாசம் செய்வது தண்ணீரும் ரோலரும்தான். கிணறு வற்றிய வருஷம் புல்லை உயரமாக விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், அது தரைக்குள் இருக்கிற கடைசி ஈரத்தையும் குடித்துவிட்டுக் கருகும். அந்த வருஷங்களில் நான் உயரத்தை நம்புவதில்லை, தண்ணீர் கட்டும் முறையை நம்புகிறேன். தினமும் மேலாகத் தெளிக்காமல், நாலு நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊறும்படி. தினம் தெளித்தால் வேர் மேலேயே சோம்பேறியாகப் படுத்துவிடும்.

உயரமான புல்லிடம் எனக்குள்ள பயமும் இதோடு சேர்ந்ததுதான். அது கடினத்தை மறைக்கும். கட்டையாக வெட்டிய கிரவுண்டில் வெடிப்பும் மொட்டையும் கண்ணில் படும், ஆடுகிறவன் பார்த்து ஆடுவான். 50 மி.மீ. புல்லுக்கு அடியில் சிமெண்ட் மாதிரி தரை இருந்தால் யாருக்கும் தெரியாது, பச்சையை நம்பி முழு உடம்போடு விழுவான். அதனால்தான் என் சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருக்கும். கிளெக் சுத்தியல் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையால் அழுத்துவேன். பிடி வரை இறங்கினால் நல்ல தரை. பாதியில் நின்றால் தண்ணீர் வேண்டும். நுனியே இறங்காவிட்டால் தண்ணீர் மட்டும் போதாது, துளை போட வேண்டும். கூடவே ஒரு பந்தை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பேன். நாலு இடத்தில் நாலு விதமாக எகிறினால், எங்கே கோளாறு என்று பந்தே சொல்லிவிடும்.

இப்போது நான் வைத்திருக்கும் உயரம், ஆட்டம் நடக்கும் மாதங்களில் 30 மி.மீ., மே மாத லீவில் 40. 40 தரைக்கு நல்லதுதான், ஆனால் பந்து உருளாமல் சிக்கும், பாஸ் சாகும், பையன்கள் தேவையில்லாமல் களைப்பார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ-வின் விதியில்கூட 30 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது, மைதானம் முழுக்க ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. டி.வி.யில் தெரிகிற அந்தப் பெரிய மைதானங்களில் இன்னும் கட்டையாகவும் வெட்டுகிறார்கள். அங்கே புல்லுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மணல் படுகை. மணல் களி மாதிரி இறுகாது, மழை பெய்தால் வடிந்துவிடும், காய்ந்தால் வெடிக்காது. கண்மாய் மண்ணில் நிற்கும் புல்லை மணலில் நிற்கும் புல்லின் உயரத்துக்கு வெட்டச் சொல்வது நியாயம் இல்லை. இதை நான் கமிட்டிக்கு நாலைந்து வருஷம் சொல்லிச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

மோவரில் உயரம் வைப்பது ஒரு நுணுக்கம். லீவரில் இருக்கும் எண்ணை நம்ப மாட்டேன். சிலிண்டர் மோவரைச் சாய்த்து, முன் ரோலருக்கும் பின் ரோலருக்கும் மேலே ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அதிலிருந்து கீழ் பிளேடின் விளிம்பு வரை எஃகு ஸ்கேலால் அளப்பேன். இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அப்படி 30 வைத்தாலும் மழைக்குப் பின் தரை ஊறியிருந்தால் ரோலர் அமுங்கி 25-க்கே வெட்டிவிடும், அன்றைக்கு இரண்டு புள்ளி ஏற்றி வைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுப்பதில்லை. 30-ல் வைத்திருக்க வேண்டுமானால் 45-ஐத் தொடுவதற்குள் வெட்டிவிட வேண்டும் என்று கணக்கு. ஐப்பசி மழையில் அருகு வளர்கிற வேகத்துக்கு வாரம் இரண்டு வெட்டு விழும். ஒரு வெட்டு தவறினால் அடுத்ததில் பாதி இலை போகும். மழை நாளில் மோவர் பழுதானால் நான் தூங்குவதில்லை.

கோல் முன்னால் இருக்கும் அந்த ஆறு கஜ இடம் தனி. அங்கே உயரத்தைப் பற்றிப் பேச முதலில் புல் இருக்க வேண்டும். கோலி நிற்கிற இடமும், கார்னர் வரும்போது கூட்டம் தள்ளிக்கொள்கிற இடமும் டிசம்பருக்குள் மொட்டையாகிவிடும். முன்பெல்லாம் மண்ணைக் கொட்டி ரோலர் விட்டு மட்டம் போடுவார்கள். ரோலர் உருளும் சத்தம் எல்லோருக்கும் பிடிக்கும், தரை பளிச்சென்று ஆகும், கோலிக்குத்தான் தெரியும் அது என்ன தரை என்று. இப்போது ரோலரை அந்தப் பக்கம் விடுவதில்லை. பட்டறையில் சொல்லி, குழாய்த் துண்டுகளை விளிம்பு கூராக்கிப் பற்றவைத்த ஒரு மிதிகட்டை செய்து வைத்திருக்கிறேன். தரை பதமாக ஈரமாக இருக்கும் நாளில் மிதித்தால் விரல் நீளத்துக்கு மண் உருளை உருளையாக வெளியே வரும். அதை அள்ளிவிட்டு, சலித்த மணலைத் துளையில் நிரப்பிக் கூட்டிவிடுவேன். எம்-சாண்ட் போட்டால் அதில் இருக்கும் பவுடரைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் துளையே அடைத்து இன்னும் இறுகும். பிறகு ஓரத்தில் இருக்கும் நல்ல புல்லிலிருந்து தண்டுகளைப் பிரித்து நட்டு, கயிறு கட்டிவிடுவேன்.

கயிறு கட்டுவதுதான் கஷ்டமான வேலை. கோச் நல்ல மனுஷர், ஆனால் ஷூட்டிங் பிராக்டிஸுக்கு அந்த போஸ்ட்தான் வேண்டும் என்பார். “மாஸ்டர், ஆறு வாரம் மட்டும், எடுத்து வைக்கிற கோல் போஸ்ட்டை விங்ல போட்டுக்குங்க” என்று கேட்பேன். முதல் வருஷம் முகம் சுளித்தார். அடுத்த வருஷம் அவரே பையன்களை வைத்து போஸ்ட்டை நகர்த்திவிட்டு என்னிடம் வந்து, கயிறு எங்கே கட்டணும் என்று கேட்டார்.

முழங்கை இடித்த அந்தக் கோலிப் பையன் இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். போன மாதம் தன் பையன்களை ஃப்ரெண்ட்லி மேட்சுக்குக் கூட்டிவந்திருந்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோல் முன்னே போய், வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இடது பக்கம் ஒரு டைவ் அடித்தான். எழுந்து முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு என்னிடம் கை நீட்டி, “அண்ணே, அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் கொடுங்க” என்றான். குனிந்து, உள்ளங்கையால் அழுத்தினான். பிடி வரை இறங்கியது. அவன் பள்ளிக்கூட கிரவுண்டில் எந்த உயரத்துக்கு வெட்டுவது என்று கேட்டான். முதலில் அங்கே என்ன மண் என்று நான் கேட்டேன்.